ஐந்தாவது ஊசி

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

நானும் இவரும் நலம். உள்ளே இருப்பதும் நலம் என்று நேற்று ஸ்கேனில் சொன்னார்கள். உன் முதுகு எப்படி இருக்கிறது? படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாயா, அல்லது மாணவர்கள் பார்க்கிறார்கள் என்று விறைப்பாகவே ஏறுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் உளறுவேன். நர்சிங் ஹாஸ்டலில் என்னைக் கொண்டுபோய் விட்ட நாளிலிருந்து நமக்குக் கடிதம்தான் ஒத்துவருகிறது.

ஒரு உதவி வேண்டும். ஐந்தாம் மாதத்திலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. குழந்தை தன் முதுகை என் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால், பிரசவ வலி முழுக்க முதுகில்தான் இறங்கும் என்கிறார் டாக்டர். வார்டில் வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டில் கம்பியை வளைத்துவிடுவது போலப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் வலி தணிக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அதற்குமேல் என்ன செய்யலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு அந்த ஊசி வேண்டாம். மாத்திரையும் வேண்டாம். மருந்தில்லாமல் முதுகுவலியைத் தணிக்க என்னென்ன வழி உண்டு, அதில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று உன் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்துச் சொல். நீ சொன்னால் நம்புவேன், நீ எதையும் லேசில் நம்பாதவள் என்பதால்.

ஏன் வேண்டாம் என்று டாக்டரும் கேட்டார். வாந்தி வரும் என்றேன். உனக்கும் அதே பதில்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். ஒரு கட்டடத்தின் மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். நல்ல மனிதர்கள். நான் அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்கிறார் இவர்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன்
சிட்டு


மார்ச் 20

அன்புச் சிட்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீ இரும்புச்சத்து மாத்திரையாவது ஒழுங்காக விழுங்குகிறாயா, அதற்கும் வாந்தியா?

நீ கேட்டதற்காக நூலகத்தில் இரண்டு பிற்பகல்களைச் செலவிட்டேன். எழுதுகிறேன், ஆனால் பரிந்துரைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மல்லாந்து படுக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நடக்கலாம். சுவரிலோ மேசையிலோ முன்னால் சாய்ந்து நின்று இடுப்பை ஆட்டலாம். முட்டி போட்டு, கைகளை ஊன்றி நின்றால் குழந்தையின் பாரம் முதுகெலும்பை விட்டு விலகுமாம். வெந்நீர்ப் பை வைக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி எடுக்கும்போது கூட இருப்பவர் முதுகுத்தண்டு முடிகிற இடத்துத் தட்டையான எலும்பின்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, பலமாக, அசைக்காமல் அழுத்த வேண்டும். தடவிக்கொடுப்பதால் பயனில்லை.

இன்னொன்று விசித்திரமானது. கீழ்முதுகில் நான்கு இடங்களில், தோலுக்கு அடியில், சுத்தமான தண்ணீரைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றுவது. வெறும் தண்ணீர். குளவி கொட்டியது போல அரை நிமிடம் எரியும், பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் வலி அடங்கும் என்கிறார்கள். பலருக்கு அடங்கியிருக்கிறது. எப்படி என்பதை யாரும் எனக்குத் திருப்தியாக விளக்கவில்லை.

இந்த ஆய்வுகளில் பல சிறியவை. அழுத்திவிடுகிறார்கள் என்பது அழுத்தப்படுகிறவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நம்பிக்கை எவ்வளவு, கை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இதையெல்லாம் செய், தாங்க முடியாதபோது ஊசியைப் போட்டுக்கொள்.

வலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். டிஸ்க் நகர்ந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீதானே இரண்டு வாரம் கூட இருந்தாய்? அந்த மாத்திரைகள் இல்லாவிட்டால் நான் சுவரில் முட்டிக்கொண்டிருப்பேன். வேளை தவறாமல் அட்டையிலிருந்து பிரித்து, சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஆஸ்பத்திரியில் கொடுப்பது போலக் கொண்டுவந்து கொடுத்தாய். வலியைச் சகிப்பதில் ஒரு பெருமையும் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

உன் வகுப்பில் மூச்சுவிடக் கற்றுத்தருகிறார்களாக்கும். அதை நீ பிறந்த அன்றே கற்றுக்கொண்டாய், நான் சாட்சி.

உன் மெக்கானிக் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பரிந்துரைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே" என்ற இடத்தில், "உங்க அக்கா நம்ம கல்யாணத்துக்குக் கூட இப்படித்தானே சம்மதம் சொன்னாங்க" என்றார்.

பயிற்சியை ஆரம்பித்துவிட்டோம். நான் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து நிற்க, இவர் பின்னால் நின்று அழுத்துகிறார். ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க ஸ்பானர் பிடிக்கிற கை. முதல் நாள் மேசையே நகர்ந்துவிட்டது. "டைட் பத்தலையா, இல்ல மரை தேஞ்சிடுச்சா?" என்று கேட்கிறார். இப்போது சரியான இடம் கைக்குப் பழகிவிட்டது. பந்து ஒன்றும் வாங்கியிருக்கிறோம், அதைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் சுகமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் வரும் லாரி டிரைவர் சொன்ன யோசனை. வண்டியில் பல வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு போய்விட்டதாம்.

உன் கடிதத்தில் ஒன்று மட்டும் தவறு. உனக்கு அப்போது வலி தணிந்தது மாத்திரையால் இல்லை. வலி வரும்போதெல்லாம் நான் உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பில் அழுத்தினேனே, ஞாபகமிருக்கிறதா? "அங்கேதான், கையை எடுக்காதே" என்பாய். அப்படியே தூங்கிப்போவாய். அந்தக் கைதான் அக்கா. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் இதைப் பற்றிக் கேட்கத் தோன்றியது.

மருந்தில்லாமல் முடியும். முடிந்தாக வேண்டும்.

பாலைக் காய்ச்சிக் குடி.

சிட்டு


ஏப்ரல் 22

அன்புச் சிட்டு,

நான் வழக்கம்போல இருக்கிறேன். உனக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? அதைப் பற்றி நீ எழுதவில்லை.

நிச்சயமாகத் தெரியும் என்கிறாய். எப்படி? இருபது வருடமாக வகுப்பில் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். மாத்திரையும் உன் கையும் ஒரே நேரத்தில் நடந்தன. மாத்திரையை நிறுத்திவிட்டு வெறுமே அழுத்திப் பார்த்திருந்தால்தான் எது என்று சொல்ல முடியும். அப்படி யாரும் செய்து பார்க்கவில்லையே. உன் கை இதமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நன்றியையும் காரணத்தையும் நான் குழப்பிக்கொள்வதில்லை.

பிரசவ வகுப்பில் லாரி டிரைவருக்கு என்ன வேலை? அவர் மனைவியோடு வருகிறாரா? ஒருவேளை அவர்தான் முழுகாமல் இருக்கிறாரா? இந்தக் காலத்து வகுப்புகள் எனக்குப் புரியவில்லை.

ஒரு செய்தி. உன் டாக்டர் யாரென்று இப்போதுதான் தெரிந்தது. மேற்படிப்பின்போது என்னிடம் புள்ளியியல் படித்த பெண். நல்ல மாணவி, சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

மெக்கானிக் மேசையை உடைக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபப்பட்டிருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. கால் வீக்கம் கொஞ்சம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உன் கேள்விக்குப் பதில் எழுதினேன், அதைத்தான் கிழித்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு அம்மா இருந்தார், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குக் குட்டி சாக்ஸ் பின்னித் தந்தவர். மூன்று வாரமாக வரவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் ஒரு மாத்திரைச் சீட்டு கொடுத்தார்களாம், அதோடு சரி. அவர் நாற்காலியை ஒதுக்காமல் வைத்திருக்கிறோம். போன செவ்வாய் லாரி டிரைவர் என்னிடம் சொன்னார்: "ஒரு தடவைதானேன்னு தோணும்மா. அந்த ஒரு தடவைதான் அதுக்கு வேணும்." அவர் மனைவி இல்லாமல் தனியாகத்தான் வருகிறார் அக்கா.

குழந்தை முதுகைத் திருப்பித்தான் படுத்திருக்கிறது. தினமும் முட்டி போட்டுத் தரை துடைக்கிறேன், ஒருவேளை திரும்பினாலும் திரும்பும் என்று. வீடு பளபளக்கிறது, அது திரும்பவில்லை. உன்னைப் போல் பிடிவாதம்.

தண்ணீர் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறாராம், போடச் சம்மதித்தார். எனக்குப் பெரிய ஆறுதல். ஊசியும் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. என்னைப் போன்றவளுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது. நான்கு என்று எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் மாணவி என்பதற்காக டாக்டரிடம் என்னைப் பற்றி எதுவும் பேசாதே. இதை என் போக்கில் விடு.

சிட்டு


ஜூன் 8

அன்புச் சிட்டு,

உன் கடிதம் வந்தபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்த வெளியூர் போகிறேன், மாதக் கடைசியில்தான் திரும்புவேன். கடிதம் போட்டால் வீட்டுப் பெட்டியில் காத்திருக்கும். கால் வீக்கத்துக்குத் தலையணைமேல் காலை வைத்துப் படு.

நீ பேசாதே என்கிறாய், நான் ஏற்கெனவே ஒரு வார்த்தை பேசிவிட்டேன். பயப்படாதே, உன் நல்லதுக்குத்தான். தண்ணீர் ஊசியும் உண்டு, உன் விருப்பம் கெடாது.

இதுவரை சொன்னதில்லை. அம்மா உன்னைப் பெற்ற அன்று எனக்குப் பதினான்கு வயது. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வந்தது அம்மாவின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவே இல்லை. யாரோ மரச்சாமான்களை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். நீ பிறந்தபின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றதற்கு எல்லோரும் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அந்த ஸ்டூல் ஒருவருக்கும் தெரியாது.

உன்னை நான் வளர்த்தேன். அந்தச் சத்தம் உன்னிடமிருந்து வரக் கூடாது. அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

நலம்தானே? நேற்று போனில் பேசினோம். நீ விடைத்தாள் கட்டுகளைப் பற்றிச் சொன்னாய், நான் குழந்தை உதைப்பதைப் பற்றிச் சொன்னேன். கேட்பதற்காகத்தான் போன் செய்தேன், கேட்காமல் வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

என்ன வார்த்தை பேசினாய்?

டாக்டரிடம் கேட்டதற்கு, "உங்க அக்கா உங்களைவிடப் பயப்படறாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடு என்கிறார் இவர். சொன்னால் என் கேஸ் சீட்டில் எழுதுவார்கள். சீட்டில் எழுதினால் வார்டில் எல்லோரும் படிப்பார்கள், நானும் அப்படிப் படித்தவள்தான். அப்படிப்பட்டவளிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது எங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அது வாந்தி இல்லை அக்கா. நீ புத்திசாலி. இதற்குமேல் என்னை எழுதவைக்காதே. நீ டாக்டரிடம் சொன்னது எதுவாக இருந்தாலும், அதை வேண்டாமென்று சொல்லிவிடு.

சிட்டு


ஜூலை 3

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் ஊர் திரும்பி நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெண் குழந்தை பிறந்ததைப் போனில் சொன்னேன். நல்ல எடை. தாயும் நடமாடுகிறாள். போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வலி வந்தது. முதுகில்தான் வந்தது. தாங்கள் எழுதியிருந்தபடியே எல்லாம் செய்தோம். சுவரைப் பிடித்து நடந்தாள். கட்டிலில் கையை ஊன்றி முட்டி போட்டு நின்றாள். வலி வரும்போது "இப்ப" என்பாள், நான் அழுத்துவேன். போனதும் "விடுங்க" என்பாள், வெந்நீர்ப் பையை வைப்பேன். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு ஆளை எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். "பஞ்சராகி நின்னேன், வந்தாரு" என்றாள் இவள். அத்தனை வலியிலும் அப்படிச் சொன்னாள்.

பிற்பகலில் என் கை போதவில்லை. தண்ணீர் ஊசி கேட்டாள். டாக்டர் வந்து கீழ்முதுகில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அலறினாள், எண்ணினாள். நான்கு முடிந்தது. உடனே இன்னொன்று, தொடையில், ஆழமாக.

"நாலுதானே?" என்று கேட்டாள்.

"அதுவும் தண்ணிதாம்மா. மூச்சு விடுங்க."

கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம். நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் முகம் தளர்ந்து, கண் பாதி மூடி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இது தண்ணி இல்லைங்க. தெரிஞ்சவங்க படியேறி வர்ற சத்தம் எனக்குத் தெரியாதா?"

குழந்தையைக் காட்டியபோது அழகாயிருக்கிறது என்றாள், யாரோ ஒருவர் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது போல.

பிறகு வராந்தாவில் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிடிவாதம் பிடிப்பாள், தண்ணீர் என்று சொல்லிப் போட்டுவிடு என்று தாங்கள் முன்பே சொல்லிவைத்தீர்களாம்.

அக்கா, அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு பிரசவத்துக்கானது இல்லை, போதைப் பழக்கத்தை விட்டவர்கள் கூடுகிற இடம். அவள் வேலையை விட்டதும், தங்களிடம் சொன்னது போல மேட்ரனோடு போட்ட சண்டையால் இல்லை. வார்டு அலமாரியில் அந்த ஊசி மருந்து குறைந்தது. எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டவள் இவள்தான். போலீசுக்குச் சொல்லாமல் வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு எங்களுக்குக் கல்யாணம் ஆனது. என்னிடம் எல்லாம் சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். தங்களிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். இன்று மீறுகிறேன்.

தாங்கள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்


ஜூலை 12

சிட்டு,

நீயும் குழந்தையும் நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். கேட்கிறேன்.

ஜூன் பதினைந்தாம் தேதி நீ எழுதியது ஊர் திரும்பிய அன்று பெட்டியில் கிடந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிறகு உன் வீட்டுக்காரர் கடிதம் வந்தது. டாக்டரைக் குறைசொல்லாதே. அவள் நான் சொன்னபடி செய்தாள். உன்னிடம் பொய் சொல்லச் சொன்னவள் நான்.

வரட்டுமா என்று போனில் கேட்டேன். குழந்தை தூங்குகிறது என்றாய். நேற்றும் அதையே சொன்னாய். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஒன்று மனதை அரிக்கிறது. நான்காவது ஊசியோடு நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், அந்தத் தண்ணீரே போதுமாயிருந்திருக்குமோ? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டன. எது தணித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மூன்று கடிதம் போட்டும் அவள் பதில் எழுதவில்லை என்று வருந்தியிருப்பீர்கள். மூன்றும் பிரிக்காமல் இருக்கின்றன.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை போகவில்லை. கைக்குழந்தையோடு எப்படிப் போவது என்றாள். நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன், தலைவலி என்றாள். பிறகு பழைய சிநேகிதிகளுக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும் என்று முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுபடியும் போனாள். நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நேற்று அங்கே கழிவறைக் கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தார்கள். குழந்தை வெளியே ஒரு சிநேகிதி மடியில் இருந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. லாரி டிரைவர் வந்துதான் சேர்க்கவேண்டிய இடத்தைச் சொல்லிக் கூட்டிப்போனார். எத்தனை மாதம் என்று சொல்லமாட்டார்கள்.

நான் வேலைக்குப் போனால்தான் அந்த இடத்தின் செலவு. குழந்தையை வைத்துக்கொள்ள ஆளில்லை. தாங்கள் வர முடியுமா? கேட்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தகப்பன்


அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

இங்கே வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். போன வாரம் இவருக்கு எழுதினேன், இந்த வாரம் உனக்கு. உன் கடிதங்களை இவர் கொண்டுவந்து தந்தார், மொத்தமாகப் படித்தேன். பாப்பாவை நீ உன் வீட்டுக்குக் கொண்டுபோனதும் நீண்ட விடுப்பு எடுத்ததும் தெரியும். அவளைத் தூக்கும்போது குனியாமல் முட்டியை மடக்கித் தூக்கு.

என் உடம்பு தேறுகிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது. சமையலறையில் பாத்திரம் துலக்குகிறேன். பாங்க் அம்மா அடுத்த அறையில் இருக்கிறார். நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

நீ ஊசி போடச் சொன்னதால்தான் நான் விழுந்தேன் என்று எழுதிவிட்டுப் போகலாம். எல்லோரும் நம்புவார்கள், நீயே நம்புகிறாய். அது முழுக்கணக்கு இல்லை.

ஏப்ரலில் நீ எழுதினாய்: மாத்திரையை நிறுத்திவிட்டு வெறுமே அழுத்திப் பார்த்திருந்தால்தான் எது என்று தெரியும், அப்படி யாரும் செய்து பார்க்கவில்லையே என்று. செய்து பார்த்தேன் அக்கா.

உன் மாத்திரை அட்டையில் இருந்ததையெல்லாம் நான் விழுங்கினேன். கிண்ணத்தில் உனக்கு வந்தது சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. இரண்டு வாரமும் அதுதான். அதற்காகத்தான் அட்டையை உன் கண்ணில் காட்டாமல் பிரித்துக் கொண்டுவந்தேன். நீ வலியில் முனகினாய். எனக்குள் உன் மருந்து இதமாகப் பரவிக்கொண்டிருந்தது. கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லாததால் உன் இடுப்பை அழுத்தினேன். நீ தூங்கினாய். மறுநாள் மாத்திரை அருமையாக வேலை செய்கிறது என்றாய். நான் தலையாட்டினேன்.

அந்த மாத்திரையை நம்பித்தான் எனக்கு அந்த ஊசியைப் போடச் சொன்னாய். இதை உனக்கு மார்ச்சிலேயே எழுதியிருந்தால் நீ டாக்டரிடம் பேசியிருக்கமாட்டாய். எனக்கு வாய் வரவில்லை. வலியைவிட உன்னிடம் அவமானப்படுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாப்பாவுக்கு என் வாசனை மறந்திருக்கும். பரவாயில்லை.

சிட்டு


அக்டோபர் 27

அன்புச் சிட்டு,

குழந்தை நலம். கழுத்து நின்றுவிட்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகமாகப் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரிக்கிறாள். உன் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் வருகிறார். எனக்கும் அவருக்கும் பேச அதிகமில்லை. குழாயை, கதவுத் தாழ்ப்பாளை, மிக்சியைப் பழுதுபார்த்துவிட்டுப் போகிறார்.

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே வந்து மறுபடி படித்தேன். நான்கு நாள் கோபமாக இருந்தேன். மாத்திரையை எடுத்ததற்காக இல்லை. நான் முனகியதை நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய் என்பதற்காக. பிறகு கதவுக்கு வெளியே போட்டிருந்த அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. நானும் உட்கார்ந்து கேட்டவள்தான். உன்னிடம் கை இருந்தது, அழுத்தினாய்.

மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நீ இருக்கும் இடத்தைப் போன்றவற்றிலிருந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்து நிற்கிறார்கள் என்று நூலகத்தில் பார்த்தேன். நல்ல ஆய்வுகள், பெரிய எண்ணிக்கை, என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த எண்களை உனக்கு எழுதப் போவதில்லை.

குழந்தையைத் தூக்கித் தூக்கி முதுகு மறுபடி போய்விட்டது. முட்டியை மடக்கித்தான் தூக்கினேன், ஆனாலும் போய்விட்டது. டாக்டர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைவரை போனேன். வரிசையில் என் முறை வந்தபோது குழந்தைக்குச் சோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ வரப்போகிற வீட்டில் அது இருக்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரைகளைக் கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறேன். சுவரில் பந்தை உருட்டுகிறேன். ஞாயிறன்று மெக்கானிக்கைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னேன். கூச்சப்படுகிறார், ஒரு விரல் அளவு மேலேயே நின்றுவிடுகிறார். இடம் உனக்குத்தான் தெரியும்.

வலி அப்படியேதான் இருக்கிறது. மருந்தில்லாமல் காத்திருக்கிறேன்.

அக்கா